திரும்பி வருவாரா?

மணிக்கட்டு முறிவுக்கு எந்த இம்பிளாண்ட் என்று தெரிவுசெய்யக் கற்றுக்கொள்ளப் போனவன் நான். முதல் நாள் கிடைத்த பாடமோ பெட்டியை மூடி வைப்பது.

கிழக்கு மாகாணத்து அரசாங்க ஆஸ்பத்திரி ஒன்றின் எலும்பு முறிவு வார்ட்டு. தோப்பூரிலிருந்து ஒரு மூத்தம்மாவைக் கொண்டு வந்திருந்தார்கள். வயது 68. கிணற்றடியில் பாசி வழுக்கி, விழும்போது வலக் கையை ஊன்றியிருக்கிறார். எக்ஸ்ரேயை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்ததுமே எனக்குள் உற்சாகம். புத்தகத்தில் படித்ததெல்லாம் அந்தப் படத்தில் இருந்தது. தியேட்டர் அலுமாரியிலிருந்து மணிக்கட்டுப் பிளேட் பெட்டியை எடுத்து மேசையில் வைத்துவிட்டு சேருக்காகக் காத்திருந்தேன்.

சேர் யாழ்ப்பாணத்துக்காரர். குரல் உயர்த்தமாட்டார். எக்ஸ்ரேயைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“என்ன செய்யப் போறீர்?”

“லொக்கிங் பிளேட், சேர்.”

“ஏன்?”

ஒப்புவித்தேன். வயது 60க்கு மேல். எலும்பு பின்பக்கமாக 20 பாகைக்கு மேல் சாய்ந்திருக்கிறது. பின்சுவர் நொறுங்கியிருக்கிறது. இவையெல்லாம் 1989இல் லாஃபோன்டேன் என்பவர் எழுதிவைத்த அடையாளங்கள். இவற்றில் மூன்று சேர்ந்தால் பிளாஸ்டருக்குள் எலும்பு நிற்காது, நழுவும் என்பது கணக்கு. சேர் முழுவதையும் கேட்டார்.

“சரி. மனிசி எப்பிடி வந்தவ?”

தெரியவில்லை.

“ஆரோட இருக்கிறவ?”

அதுவும் தெரியவில்லை.

“திரும்பி வருவாவோ?”

நான் பேசாமல் நின்றேன். “அதைக் கேட்டுக்கொண்டு வாரும் தம்பி. பெட்டியைப் பிறகு திறப்பம்” என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

வெட்கப்பட வேண்டியவன் நான்தான். நானே மூதூர்க்காரன். கொட்டியாரக் குடாவுக்கு அந்தப் பக்கம் பிறந்த எவருக்கும் ‘திரும்பி வருவது’ என்றால் என்ன என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இரவில் மூதூர்க் கரையில் நின்றால் குடாவுக்கு அப்பால் திருகோணமலையின் வெளிச்சங்கள் தெரியும். கண்ணுக்கு எட்டும், காலுக்கு எட்டாது. முன்பெல்லாம் தரைவழியாகப் போனால் ஆறும் களப்புமாக ஒவ்வொரு துறையிலும் பாதை என்கிற மிதவைக்குக் காத்து நிற்கவேண்டும். கடல்வழி என்றால் லோஞ்ச். மாரிக் காலத்தில் வாடைக் காற்று எழுந்தால் அதுவும் நின்றுவிடும். கிண்ணியாப் பாலம் 2009இல் திறந்தது. பின்னர் உப்பாறு, கங்கை, இறால்குழி என்று மற்றத் துறைகளிலும் பாலங்கள் வந்தன. இன்று பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால் இறங்காமல் டவுனுக்குப் போய்விடலாம். ஆனாலும் கிளினிக்குக்கு ஒருதரம் போய்வர ஒரு முழு நாள் போகும். ஒரு நாள் கூலி போகும். கூட வருகிறவரின் கூலியும் போகும். ஆஸ்பத்திரியில் காசு வாங்குவதில்லை என்றாலும் வைத்தியம் இலவசமாகிவிடுவதில்லை.

இதெல்லாம் தெரிந்தவன்தான், எக்ஸ்ரே கையில் வந்ததும் மறந்துபோனேன்.

மூத்தம்மாவிடம் போய்க் கேட்டேன். “மகள் டவுன்லதான் கட்டியிருக்கா. கை சுகமாகிற வரைக்கும் அங்கதான் நிப்பேன்” என்றார். பிறகு கண்ணைத் தாழ்த்திக்கொண்டு, “வெட்டாமச் செய்ய ஏலாதா?” என்று கேட்டார்.

சேரிடம் வந்து சொன்னேன். “அப்ப பிளாஸ்டர்” என்றார்.

*

அன்று அந்த மூத்தம்மாவுக்குப் போட்ட பிளாஸ்டர்தான் நான் ஒழுங்காகப் பழகிய முதல் ‘இம்பிளாண்ட்’. உடம்புக்கு வெளியே வைக்கிற இம்பிளாண்ட் என்பார் சேர்.

முழங்கைக்குக் கீழே இரண்டு எலும்புகள். பள்ளிக்கூடத்தில் ஆரை, அரந்தி என்று படித்தவை. கையை ஊன்றி விழுந்தால் பெரும்பாலும் முறிவது ஆரை. மணிக்கட்டுக்கு ஓர் அங்குலம் மேலே. அந்த எலும்பின் நுனி உள்ளங்கைப் பக்கமாக ஏறத்தாழ 11 பாகை சாய்ந்திருக்கும். பெருவிரல் பக்கத்திலிருந்து சின்னவிரல் பக்கமாக 22 பாகை சரிந்திருக்கும். பெருவிரல் பக்க நுனி 11, 12 மில்லிமீற்றர் கூடுதலாக நீண்டிருக்கும். இந்த மூன்று எண்களையும் சேர் என்னை எக்ஸ்ரே மேல் பென்சிலால் கோடு போட்டு அளக்கவைத்தார். விழும்போது சாய்வு தலைகீழாகும், நீளம் குறையும், கை பக்கவாட்டில் பார்த்தால் கவிழ்த்து வைத்த முள்ளுக்கரண்டிபோல இருக்கும்.

டப்ளின் நகரத்து ஆப்ரகாம் கொலஸ் இந்த முறிவைப் பற்றி எழுதியது 1814இல். எக்ஸ்ரே வருவதற்கு 81 வருடம் முந்தி, விரலால் தடவியே எழுதினார். கோணல் கடைசிவரை இருக்கும், ஆனால் காலம் போகப்போகக் கை வலியில்லாமல் இயங்கும் என்பது அவருடைய முடிவு. அதை வாசித்தபோது எனக்கு உம்மம்மாவின் கை ஞாபகத்துக்கு வந்தது. அவருடைய வலது மணிக்கட்டு முள்ளுக்கரண்டிதான். லோஞ்ச் ஓடாத ஒரு மார்கழியில் விழுந்திருக்கிறார். முறிவு நெரிவு வைத்தியர் இழுத்து, எண்ணெய் பூசி, தப்பை வைத்துக் கட்டியிருக்கிறார். சிறுவயதில் அது கோணல் என்றே எனக்குத் தெரியாது. அந்தக் கையால்தான் அவர் மா குழைத்தார், ரொட்டி தட்டினார், என் காதைத் திருகினார்.

வயது போனவர்களுக்குக் கொலஸ் சொன்னது இன்றும் பெருமளவுக்குப் பொருந்துகிறது. ஒஸ்திரியாவின் இன்ஸ்ப்ருக் நகரத்தில் 65 வயதும் அதற்கு மேலுமான 73 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு லொக்கிங் பிளேட்டும் மறுபகுதிக்குப் பிளாஸ்டரும் போட்டு ஒரு வருடம் பார்த்தார்கள். முடிவு 2011இல் வெளிவந்தது. பிளேட் போட்டவர்களின் எக்ஸ்ரே அழகாக இருந்தது. பிடியும் கொஞ்சம் பலமாக இருந்தது. அன்றாட வேலையிலும் வலியிலும் வருட முடிவில் வேறுபாடு இல்லை.

முறிந்த இடத்து இரத்தக் கட்டுக்குள் மரப்பூசி ஏற்றி, விரல்களைப் பிடித்து மெதுவாக இழுத்து, எலும்பு இறங்கும்வரை பொறுத்திருந்து, மூன்று இடத்தில் அழுத்தி வார்த்தோம். பிளாஸ்டர் காயும்வரை உள்ளங்கையை எடுக்கக் கூடாது. “விரல் முட்டி எல்லாம் வெளியில விடும். பிளாஸ்டருக்குள்ள எலும்பு பொருந்தும், விரல் விறைச்சுப் போகும். பிறகு அந்தக் கை என்னத்துக்கு?” என்றார் சேர். மூத்தம்மா முதலாம் கிழமையும் இரண்டாம் கிழமையும் எக்ஸ்ரேக்கு வந்தார், மகளோடு. ஆறாம் கிழமை கழற்றினோம். கொஞ்சம் பின்சாய்வு இருந்தது. வுழூ எடுக்கலாம், சோறு பிசையலாம், தொழுகையில் கை ஊன்றலாம். அவர் கேட்டது அவ்வளவுதான்.

*

அலுமாரியில் இருப்பவை எவை என்று அடுத்த மாதங்களில் ஒவ்வொன்றாகப் பழகினேன்.

முதலாவது, கம்பி. ஜேர்மனிய சத்திரசிகிச்சை நிபுணர் மார்ட்டின் கிர்ஷ்னர் 1909இல் கொண்டுவந்தது. அவர் பெயரால் கே வயர் என்கிறோம். மணிக்கட்டுக்கு 1.6 மில்லிமீற்றர்க் கம்பி இரண்டு மூன்று போதும். எலும்பை இழுத்துப் பொருத்தி, தோலுக்கு வெளியிலிருந்தே துளைத்து ஏற்றி, நுனியை வளைத்து வெளியே விட்டு, மேலே பிளாஸ்டர். நாலைந்து கிழமையில் கிளினிக்கிலேயே இழுத்து எடுத்துவிடலாம். விலையோ மிகக் குறைவு.

இரண்டாவது, வெளிச்சட்டம். எலும்பு தூளாகிப்போன கைக்கு, அல்லது காயம் திறந்து அழுக்கான கைக்கு. உள்ளங்கை எலும்பிலும் ஆரையிலும் தடித்த ஊசி ஏற்றி, வெளியே ஒரு தண்டால் இணைத்து இழுத்து வைப்பது. மூட்டைச் சுற்றியுள்ள நார்கள் இறுகும்போது துண்டுகளும் ஓரளவு தங்கள் இடத்துக்கு வரும்.

மூன்றாவது, பிளேட். இதில்தான் எல்லாருடைய கண்ணும். பழைய பிளேட்டில் ஸ்குரூ எலும்பைக் கவ்வி, பிளேட்டை எலும்போடு அழுத்தும். எலும்பு சோறுபோல் குழைந்திருந்தால் ஸ்குரூ பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். லொக்கிங் பிளேட்டில் ஸ்குரூவின் தலையிலும் புரி உண்டு, பிளேட்டின் ஓட்டையிலும் புரி உண்டு. இரண்டும் பூட்டிக்கொண்டால் ஒரே துண்டு. ஸ்குரூக்கள் மூட்டின் அடியில் வரிசையாக நின்று, கிடுகுக் கூரையைக் கப்புகள் தாங்குவதுபோல மூட்டுப் பரப்பைத் தாங்கும். இதை உள்ளங்கைப் பக்கத்திலிருந்து வைக்கலாம் என்று 2000ஆம் ஆண்டளவில் மயாமியைச் சேர்ந்த ஹோர்ஹே ஓர்பே காட்டியபிறகு உலகமெங்கும் இதுவே வழக்கமானது.

நான் நினைத்துக்கொண்டிருந்தது: இவையெல்லாம் ஒரு ஏணி. பிளாஸ்டரிலிருந்து கம்பி, கம்பியிலிருந்து பிளேட், மேலே போகப்போக நல்ல வைத்தியம். அந்த நினைப்பை உடைத்தது ஓர் ஆராய்ச்சி. பிரித்தானியாவில் 18 ஆஸ்பத்திரிகளில் 461 பேருக்குச் செய்தது, 2014இல் வெளிவந்தது. இழுத்துப் பொருத்தக்கூடிய முறிவாக இருந்தால், கம்பி போட்டவரும் பிளேட் போட்டவரும் ஒரு வருடத்தில் ஒரே நிலையில்தான் இருந்தார்கள். வாசித்த கையோடு நான் மறுபக்கம் சாய்ந்தேன். இனி எல்லாருக்கும் கம்பி.

*

அந்த உற்சாகத்தில் வந்து அகப்பட்டவர் மூதூரைச் சேர்ந்த ஒரு தம்பி. வயது 24, கரைவலைக்காரர். மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்திருந்தார். மூட்டுக்குள் போகாத முறிவு, இழுத்தவுடன் பொருந்தியது. இரண்டு கம்பி ஏற்றினேன். படம் அழகு. சேர் அன்று லீவு. டயக்னோசிஸ் கார்ட்டில் ஐந்தாம் கிழமைத் திகதியை எழுதி, கீழே இரண்டு கோடும் இழுத்துக் கொடுத்தேன்.

அவர் வந்தது ஒன்பதாம் கிழமை. பிளாஸ்டர் கடல் தண்ணீரில் ஊறிக் கூழாகி, அவரே வெட்டி எறிந்திருந்தார். ஒரு கம்பி ஆடிக்கொண்டு, அடியில் சீழ். மற்றது தோலுக்குள்ளே இறங்கி மறைந்திருந்தது. மரப்பூசி போட்டு வெட்டித் தேடி எடுக்கவேண்டியதாயிற்று. எலும்பு பொருந்தியிருந்தது, மணிக்கட்டு விறைத்திருந்தது. அது இளக மாதங்கள் எடுத்தன.

“ஏன் தம்பி வரல்ல?” என்று கொஞ்சம் கோபமாகவே கேட்டேன்.

“வலைக்கு ஆள் காணாது டொக்டர். நான் ஒரு நாள் நிண்டா என்ட பங்கு போயிரும்.”

கரைவலையில் கிடைக்கிற மீன் பங்காகத்தான் பிரியும். கயிறு இழுக்காதவனுக்குப் பங்கில்லை. மூதூரில் வளர்ந்த எனக்கு இதையும் அவர்தான் சொல்லவேண்டியிருந்தது.

சேரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். ஏசுவார் என்று நினைத்தேன். “ஆராய்ச்சி பிழையில்லைத் தம்பி. அந்த நாட்டில கம்பி இழுக்கிற கிளினிக் பஸ் தூரத்தில இருக்கும். லீவு எடுத்தா ஆக்கள் பட்டினி கிடக்கமாட்டினம். அது கட்டுரையில எழுதியிராது. ஏனெண்டா அவைக்கு அது எழுதவேண்டிய விசயமே இல்லை.”

பிறகு 2022இல் அதே குழுவின் அடுத்த ஆராய்ச்சி வந்தது. இம்முறை பிளாஸ்டரும் கம்பியும், 500 பேர். வருட முடிவில் இங்கும் வேறுபாடில்லை. ஆனால் பிளாஸ்டர் போட்ட 255 பேரில் 33 பேருக்கு எலும்பு நழுவி, ஆறு கிழமைக்குள் ஒபரேஷன் தேவைப்பட்டது. முதலில் நான் வாசித்தவிதமாக இருந்தால் ‘பிளாஸ்டரே போதும்’ என்று முடித்திருப்பேன். இப்போது கண் அந்த 33 பேரில் நின்றது. அவர்கள் நழுவியதை யாரோ எக்ஸ்ரே எடுத்துக் கண்டுபிடித்திருக்கிறார்கள். எங்கள் பக்கத்தில் அந்த 33 பேர் வயலில் நிற்பார்கள். மூன்றாம் மாதம் கை கோணி, எலும்பு கோணலாகவே இறுகியபிறகு வருவார்கள். அப்போது இறுகிய எலும்பை மறுபடி வெட்டி, இடைவெளிக்கு இடுப்பெலும்பு எடுத்து வைத்து, பிளேட் போடவேண்டும். முதல் நாளே செய்திருக்கக்கூடியதைவிட எத்தனையோ மடங்கு பெரிய வேலை.

பிளாஸ்டர் மூன்று நாலு தரம் வரக்கூடியவருக்கு. கம்பி, கையை நனைக்காமல் இருந்து சொன்ன நாளில் ஒருதரமாவது வரக்கூடியவருக்கு. பிளேட், வராமலே போகக்கூடியவருக்கு. ஏணி என்று நினைத்தது ஏணி அல்ல. தூரத்தை அளக்கிற கோல்.

*

எல்லா முறிவும் இந்தக் கோலுக்குள் அடங்காது என்பதையும் மூதூர்தான் காட்டியது.

பெரும்போகத்துக்கு உழவு தொடங்கும் ஒக்டோபரில் ஒரு வகை முறிவு வரும். லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தைக் கைபிடி போட்டுச் சுற்றி ஸ்டார்ட் பண்ணும்போது இயந்திரம் திருப்பி அடிக்கும். கைபிடி உள்ளங்கையைத் தாக்கும். ஆரையின் பெருவிரல் பக்க நுனி மட்டும் சரிவாகப் பிளந்துகொண்டு வரும். இங்கிலாந்தின் ஜொனதன் ஹச்சின்சன் 1866இல் விவரித்த முறிவு. மோட்டார் கார்களைக் கைபிடியால் சுற்றி ஸ்டார்ட் பண்ணிய காலத்தில் சாரதிகளுக்கு அடிக்கடி வந்ததால் ‘சாரதி முறிவு’ என்று பெயர் மாறியது. காருக்கு சுவிட்ச் வந்தபின் மற்ற நாடுகளில் பெயர்தான் மிஞ்சியது. எங்கள் வயலில் முறிவே மிஞ்சியிருக்கிறது.

இங்கே பிளேட் பெட்டி தேவையில்லை. துண்டு பெரியது, மூட்டுக்குள் ஓடுகிறது. மூட்டுப் பரப்பில் 2 மில்லிமீற்றர்ப் படி நின்றாலும் பிற்காலத்தில் தேய்வு வரும் என்று 1986இலேயே கண்டிருக்கிறார்கள். நடுவில் துளையுள்ள ஒரு ஸ்குரூ, சிலவேளை இரண்டு. ஊசிக் குத்தாகப் போடாமல் தோலைச் சின்னதாக வெட்டி, அங்கே ஓடும் மெல்லிய நரம்பை விலக்கிவிட்டுத் துளைக்கவேண்டும். இல்லாவிட்டால் பெருவிரல் முதுகு வாழ்நாளெல்லாம் எரியும். அந்தத் துண்டில்தான் மணிக்கட்டைக் கட்டும் முக்கியமான நார்கள் ஒட்டியிருக்கின்றன. ஆகவே உள்ளே சிறு எலும்புகளுக்கு இடையில் இடைவெளி விழுந்திருக்கிறதா என்றும் பார்க்கவேண்டும். ஸ்குரூ உள்ளேயே இருக்கும், எடுக்கத் தேவையில்லை.

முறிவு உள்ளங்கைப் பக்கம் வழுக்கி, மூட்டின் முன்விளிம்போடு கை முழுவதும் கீழே இறங்குவதும் உண்டு. பார்ட்டன் என்பவர் 1838இல் எழுதியது. இதற்குப் பிளாஸ்டர் தாங்காது. ஆனால் விலைகூடிய லொக்கிங் பிளேட்டும் கட்டாயமில்லை. பழைய 3.5 மில்லிமீற்றர் ‘டீ’ பிளேட்டை அணைக்கட்டுப்போல முண்டுகொடுத்தால் துண்டு வழுக்காது. 2022இல் நாடு நெருக்கடியில் விழுந்து, மருந்தும் சத்திரசிகிச்சைப் பொருளும் தட்டுப்பாடான மாதங்களில் இதைப் பழகினேன். லொக்கிங் பிளேட்டை அது இல்லாமல் முடியாத கைக்கென்று ஒதுக்கி வைப்போம். அலுமாரி காலியாகும்போதுதான் எது உண்மையில் தேவை என்று தெரிந்தது.

*

பிளேட்டை எப்படித் தெரிவுசெய்வது என்று எனக்கு அதிகம் சொல்லித்தந்தவர் சேர் அல்ல, தியேட்டர் மிஸ்ஸி. கருவித் தட்டில் இருபது வருடம் நின்றவர். ஒருநாள் ஒரு கம்பனியின் பிளேட்டை எடுத்துவிட்டு, தட்டில் இருந்த ஸ்குரூவைக் கேட்டேன். “அது இதுக்குப் பூட்டாது டொக்டர்” என்றார். இரண்டும் 2.4 மில்லிமீற்றர்தான். ஆனால் தலைப்புரி வேறு. ஏறுவதுபோல் ஏறும், பூட்டாது. டெண்டரில் ஒவ்வொரு முறையும் வேறு கம்பனி வந்தால் அலுமாரியில் மூன்று நாலு குடும்பம் கலந்திருக்கும். ஒன்றின் ஸ்குரூ தலை ஆறுமுகம், மற்றதன் தலை நட்சத்திரம். “பிளேட்டை எடுக்க முந்தி ஸ்குரூட்ரைவர் இருக்கா எண்டு கேளுங்க. பத்து வருசத்துக்குப் பிறகு கழட்டப்போற டொக்டருக்கும் அதுதான் வேணும்.” அன்றிலிருந்து டயக்னோசிஸ் கார்ட்டில் கம்பனியின் பெயரையும் லொட் இலக்கத்தையும் எழுதுகிறேன். எங்கள் சனம் அந்தக் கார்ட்டைப் பொலித்தீன் பையில் போட்டு, காணி உறுதியோடு சேர்த்து வைத்திருப்பார்கள். ஆஸ்பத்திரிக் கொப்பி தொலைந்தாலும் அது தொலையாது.

உலோகத்தைக் கலக்கக் கூடாது என்பதும் மிஸ்ஸி தந்த பாடம்தான். 316எல் என்கிற துருப்பிடிக்காத உருக்கு ஒரு சாதி, டைட்டேனியக் கலவை இன்னொரு சாதி. டைட்டேனியம் எலும்புக்குக் கிட்டிய வளைதன்மை கொண்டது. உருக்கு அதைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விறைப்பு. எலும்பு இரண்டோடும் பொருந்தும். ஆனால் உருக்குப் பிளேட்டில் டைட்டேனியம் ஸ்குரூவைப் போட்டால் அரிப்பு வரலாம். மூதூரில் வள்ளம் கட்டுகிறவர்களுக்கு இது புதிதல்ல. வெவ்வேறு உலோக ஆணிகளை உப்புத் தண்ணீரில் சேர்த்துவிட்டால் ஒன்று மற்றதைத் தின்னும். உடம்புக்குள் இருப்பதும் உப்புத் தண்ணீர்தான்.

ஸ்குரூ நீளத்துக்கு சேர் ஒரு விளையாட்டு வைத்திருந்தார். ஒரு துண்டு பிவிசி பைப். அதன் பின்னால் ஊதிய பலூன் ஒன்றை ஒட்டிவைப்பார். பைப்பின் இரண்டு சுவரையும் துளைக்கவேண்டும், பலூன் வெடிக்கக் கூடாது. முதல் நாள் ஏழு பலூன் உடைத்தேன். “அதில ஒவ்வொண்டும் ஒரு பெருவிரல்” என்றார். கையின் முதுகுப்பக்கம், ஆரையின் ஒரு சின்ன மேட்டைச் சுற்றிக்கொண்டு, பெருவிரலை நிமிர்த்தும் தசைநாண் எலும்போடு ஒட்டி ஓடுகிறது. ஸ்குரூ நுனி ஒரு மில்லிமீற்றர் வெளியே நின்றாலும் அதைக் கொஞ்சம்கொஞ்சமாக அராவும். ஒருநாள் காலையில் பெருவிரல் நிமிராது.

*

இந்தப் பாடங்களெல்லாம் ஒரே மேசையில் சேர்ந்தது ஒரு பெண்ணுக்கு. வயது 31. மூதூர்தான். வெளிநாட்டுக்கு வீட்டுவேலைக்குப் போக எல்லாம் சரிவந்து, விசாவும் வந்து, இரண்டு மாதத்தில் பயணம். வீட்டுக் கூரை வேலைக்கு ஏணி பிடித்தபோது விழுந்திருக்கிறார். பின்சுவர் நொறுங்கி, முறிவு மூட்டுக்குள்ளும் ஓடியிருந்தது. பிளாஸ்டர் போட்டோம். ஒரு கிழமையில் நழுவியது.

“திரும்பி வருவீங்களா?” என்று இம்முறை நானே முதலில் கேட்டேன்.

“ரெண்டு வருசம் எக்ரிமெண்ட், டொக்டர். அதுக்குள்ள வர ஏலாது. கடன் இருக்கு.”

அவருக்குப் பிளேட். அதில் சந்தேகமில்லை. பெட்டியைத் திறந்தபிறகும் சேரின் கேள்வி முடியவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது. வராமல் போகிறவருக்கு வைக்கிற பிளேட், வரவைக்காத பிளேட்டாகவும் இருக்கவேண்டும். அந்நிய நாட்டில், யாரோ வீட்டுச் சமையலறையில் ஒரு தசைநாண் அறுந்தால் அவர் யாரிடம் போவார்?

முன்கையின் உள்பக்கம் வெட்டினோம். நாடித் துடிப்புக்குப் பக்கத்தில் கயிறுபோல் தடவுப்படும் தசைநாணின் உறைவழியே இறங்கி, நாடியை ஒருபக்கமும் தசைநாண்களை மறுபக்கமும் விலக்கி, எலும்பை மூடிய சதைப்படலத்தை ‘எல்’ வடிவில் கிளப்பினால் முறிவு தெரியும். ஆரையின் நுனிக்குக் கிட்ட ஒரு மேடு இருக்கிறது. எங்கள் ஊர்ப் பாஷையில் வரம்பு. வரம்புக்கு இந்தப் பக்கம் எலும்பு, அந்தப் பக்கம் பெருவிரலை மடிக்கும் தசைநாண் தேய்ந்து ஓடும் வழி. பிளேட் வரம்பில் ஏறக் கூடாது. துண்டைத் தாங்க இன்னும் இரண்டு மில்லிமீற்றர் மேலே வைத்தால் வசதி என்று கை சொல்லும். பெரிய பிளேட்டை எடுத்தால் அது தானாகவே ஏறும். பெட்டியில் அகலம் குறைந்த பிளேட் ஒன்று இருந்தது. அதை எடுத்தேன்.

1.8 மில்லிமீற்றர் ட்ரில்லால் துளைத்து அளந்தேன். 22 என்று காட்டியது.

“22 தாங்க மிஸ்ஸி.”

“இருபது கேளும்” என்றார் சேர். பின்சுவர் நொறுங்கியிருக்கும்போது அளவுகோலின் கொக்கி சுவரில் மாட்டாது, தாண்டிப்போய்ச் சதையில் மாட்டும். லொக்கிங் ஸ்குரூவுக்குப் பின்சுவரைப் பிடிக்கவேண்டிய தேவையே இல்லை. எலும்பின் முக்கால் ஆழம் போனாலும் தாங்கும் என்று பரிசோதித்துக் காட்டியிருக்கிறார்கள். எல்லாம் பூட்டியபிறகு சீ-ஆர்ம் படத்தில் பக்கவாட்டாகப் பார்த்தேன். ஒன்றும் வெளியே நிற்கவில்லை. சேர் மணிக்கட்டை மடக்கி, எலும்பின் முதுகை அடிவானம்போலத் தெரியும்படி திருப்பி இன்னொரு படம் எடுக்கச் சொன்னார். பக்கவாட்டுப் படத்தில் அந்தச் சின்ன மேட்டுக்குப் பின்னால் ஒளிந்திருந்த ஒரு ஸ்குரூ நுனி இப்போது தெரிந்தது. நான் கேட்டு வாங்கியதுதான், 20. கழற்றி 18 போட்டோம்.

மறுநாளே விரல்களை மடக்கி நிமிர்த்தச் சொன்னோம். பயணத்துக்கு ஒரு கிழமை முந்தி கடைசி எக்ஸ்ரேக்கு வந்தார். டயக்னோசிஸ் கார்ட்டை இரண்டு பிரதி எடுத்து ஒன்றை வீட்டில் வைக்கச் சொன்னேன்.

அதன்பிறகு அவரைப் பற்றி ஒன்றும் தெரியாது. எங்கள் வேலையில் இது வழக்கம். பிழைத்தது கிளினிக்குக்கு வரும், சரிவந்தது வராது. நாங்கள் பழகுவதெல்லாம் பெரும்பாலும் வந்த கைகளிடமிருந்துதான்.

*

மூன்றாம் வருடம் ஒரு திங்கட்கிழமை கிளினிக்கில், கறுப்பு அபாயா போட்ட ஒருவர் தன் உம்மாவைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தார். உம்மாவின் வலது மணிக்கட்டு முள்ளுக்கரண்டி. எக்ஸ்ரேயை வாங்கிப் பார்த்துக்கொண்டிருந்தபோது மகள், “என்னத் தெரியுதா டொக்டர்?” என்றார்.

தெரியவில்லை. பெயரைச் சொன்னதும்தான் தெரிந்தது.

“கை எப்பிடி?”

“எந்தக் கை?” என்றார். பிறகு தானே சிரித்துக்கொண்டு இடது சட்டைக்கையைச் சுருட்டிப் பார்த்தார். தழும்பைக் காணாமல் வலதைச் சுருட்டினார். பெருவிரலை மடக்கச் சொன்னேன், நிமிர்த்தச் சொன்னேன். உம்மாவுக்குத் தண்ணீர்ப் போத்தலைத் திருகித் திறந்துகொண்டே செய்து காட்டினார்.

உம்மாவுக்கு வயது 66. சாய்வு 25 பாகை, பின்சுவர் நொறுங்கல், அரந்தி நுனியும் போயிருந்தது. லாஃபோன்டேனின் கணக்குப்படி மூன்றுக்கு மேல். எனக்குப் பக்கத்தில் புதிதாகச் சேர்ந்த டொக்டர் ஒருவர் நின்றிருந்தார். அவருடைய கண் தியேட்டர் அலுமாரிப் பக்கம் போனதைக் கண்டேன்.

“உம்மாவை யார் பாக்கிற?” என்று மகளிடம் கேட்டேன்.

“நான்தான். இனிப் போறல்ல, டொக்டர். இங்கதான் இருக்கப்போறன்.”

“அடுத்த கிழமையும் அதற்கடுத்த கிழமையும் எக்ஸ்ரேக்குக் கூட்டிட்டு வர ஏலுமா?”

“முதல் பஸ்ஸிலயே வருவன்.”

பிளாஸ்டர் ரோலை நனைக்கச் சொன்னேன்.